பாட் மிட்ஸ்வா விருந்தில் கைவினை மேசை: எதை வைக்கலாம், எதைத் தவிர்க்கலாம்

நியூ ஜெர்சியில் உங்கள் பக்கத்து வீட்டு யூதக் குடும்பத்தின் மகளுக்குப் பாட் மிட்ஸ்வா, அதாவது பெண்பிள்ளை சமயக் கடமைகளை ஏற்கும் வயதை எட்டுவதைக் கொண்டாடும் சடங்கு, நடக்கவிருக்கிறது. சனிக்கிழமை காலை ஜெப ஆலயத்தில் சடங்கு, அன்று மாலையே விருந்து. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் ஏறத்தாழ 60 பேர் வருவார்கள், கைவினை மேசையை நீங்கள் நடத்தித் தர முடியுமா என்று அந்தத் தாயார் கேட்டிருக்கிறார். எதைச் செய்ய வைப்பது, மருதாணி இடலாமா, எபிரேய எழுத்துகளைப் பயன்படுத்தலாமா என்று மூன்று கேள்விகளை எழுதியிருக்கிறீர்கள். அவற்றின் அடியில் நான்காவது ஒன்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது. நமக்குப் பழக்கமில்லாத ஒரு மரபின் நல்ல நாளில், அறியாமல்கூட அந்தக் குடும்பத்தின் மனம் நோகும்படி எதையும் செய்துவிடக் கூடாது என்பதுதான் அது. அந்தக் கவலை நியாயமானது. ஆகவே என் பதிலை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நடுநிலைப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாகக் கைவினை கற்பித்து வருகிறேன். யூதக் குடும்பங்களின் விருந்துகளில் இத்தகைய மேசைகளை நடத்தும் வாய்ப்பும் அதன் வழியாகவே கிடைத்தது. பொருள், நேரம், பிள்ளைகளின் இயல்பு ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சமய விதிகளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும், நான் அந்தச் சமயத்தைச் சேர்ந்தவள் அல்லள் என்பதை நினைவில் வையுங்கள். யூதர்கள் அனைவரும் ஒப்புக்கொள்ளும் செய்தி எது, பிரிவுக்குப் பிரிவு மாறும் செய்தி எது என்பதைப் பிரித்துக் காட்ட முயல்கிறேன். இரண்டாவது வகையில் இறுதிச் சொல் அந்தக் குடும்பத்துடையதும் அவர்களுடைய சமயகுருவாகிய ரபியுடையதுமே.

முதலில் உங்களுக்குத் தைரியம் தரக்கூடிய ஒரு செய்தி. பெண்பிள்ளை சபையின் முன் நின்று யூத வேதமாகிய தோராவின் ஒரு பகுதியைப் படிக்கும் வழக்கம் அமெரிக்காவில் நூறாண்டுக்குச் சற்று மேற்பட்டதுதான். 1922 மார்ச் 18 அன்று நியூயார்க்கில் ரபி மோர்டெகாய் கப்லானின் மகள் ஜூடித் கப்லான் தம் பன்னிரண்டாவது வயதில் அவ்வாறு படித்ததையே அங்கு பொதுவாக முதல் பாட் மிட்ஸ்வாவாகக் கொள்கிறார்கள். அன்றுகூட அவர் தோராச் சுருளிலிருந்து படிக்கவில்லை, அச்சிட்ட நூலிலிருந்துதான் படித்தார். சடங்கே இவ்வளவு இளையது என்னும்போது, அதற்குப் பிந்தைய விருந்தில் பிள்ளைகள் கையால் என்ன செய்ய வேண்டும் என்று எந்தப் பழைய மரபும் வகுத்து வைக்கவில்லை. மரபு வாய் திறப்பது எதைச் செய்யக் கூடாது, எப்போது செய்யக் கூடாது என்ற இடங்களில்தான். அந்த எல்லைகளைத் தெரிந்துகொண்டால் உள்ளே உங்களுக்கு நிறைய இடம் இருக்கிறது.

அந்த எல்லைகளில் மிகப் பெரியது கடிகாரம். யூதரின் ஓய்வுநாளாகிய சபாத் வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குச் சற்று முன் தொடங்கி, சனிக்கிழமை இருட்டி விண்மீன்கள் தெரியும் வரை நீடிக்கிறது. அந்நாளில் விலக்கப்பட்ட வேலைகள் 39 என்று யூதரின் பழைய சட்டத் தொகுப்பாகிய மிஷ்னா வரிசைப்படுத்துகிறது. சாயமிடுதல், நூற்றல், நெய்தல், முடிச்சிடுதல், முடிச்சை அவிழ்த்தல், இரண்டு தையல் போடுதல், கிழித்தல், அளந்து வெட்டுதல், இரண்டு எழுத்து எழுதுதல், எழுதியதை அழித்தல் எல்லாம் அதில் வருகின்றன. ஒரு கைவினை மேசையில் நடக்கக்கூடிய அத்தனையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்றே சொல்லிவிடலாம். இது தற்செயலும் அன்று. பாலைவனத்தில் இஸ்ரவேலர் வழிபாட்டுக்காக அமைத்த ஆசரிப்புக் கூடாரத்துக்குத் தேவைப்பட்ட வேலைகளே அந்த 39 என்பது மரபான விளக்கம். தோராவின் இரண்டாம் நூலாகிய யாத்திராகமத்தின் 35-ஆம் அதிகாரம் முதலில் ஓய்வுநாளைக் காக்கச் சொல்லிவிட்டு, அதன் பிறகே கூடார வேலையைப் பேசுகிறது. பெசலெயேல், அகோலியாப் என்னும் கைவினைஞர்களின் பெயர்களும், தங்கள் கைகளால் நூல் நூற்றுக் கொண்டுவந்த பெண்களும் அங்கேதான் வருகிறார்கள். கைத்திறனை இவ்வளவு உயர்வாகப் போற்றும் அதே இடம், அந்தத் திறனுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுக்கவும் சொல்கிறது. இந்த உறவைப் புரிந்துகொண்ட பிறகு நேரக் கட்டுப்பாடு எனக்கு ஒருபோதும் தொல்லையாகத் தோன்றியதில்லை.

நடைமுறையில் இது எப்படி வந்து முடியும் என்பது குடும்பத்தைப் பொறுத்தது. விதிகளை இறுகக் கடைப்பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ் பிரிவுக் குடும்பமானால் இருட்டிய பிறகே மேசையைத் திறக்க முடியும், இதில் ஐயமே இல்லை. நடுவழியில் செல்லும் கன்சர்வேடிவ் பிரிவின் ஆலயங்கள் பலவும் ஓய்வுநாளில் தங்கள் வளாகத்துக்குள் எழுதுவதையும் வெட்டுவதையும் அனுமதிப்பதில்லை. ஆலயத்துக்கு வெளியே ஒரு மண்டபத்தில் விருந்து என்றால் அதே சபையைச் சேர்ந்த குடும்பங்களே வெவ்வேறு வகையாக நடந்துகொள்கின்றன. சீர்திருத்தப் பிரிவுக் குடும்பங்களில் பெரும்பாலானவை மாலை வெளிச்சத்தில் மேசை நடந்தால் பொருட்படுத்துவதில்லை. ஆனால் விருந்தினராக வரும் உறவினர்களில் கடைப்பிடிப்பவர்கள் இருக்கலாம். நியூ ஜெர்சியில் டிசம்பரில் மாலை ஐந்தேகால் மணி வாக்கில் ஓய்வுநாள் முடிந்துவிடும். ஜூன் இறுதியிலோ இரவு ஒன்பது மணி தாண்ட வேண்டும். ஆகவே விருந்து எந்த மாதம் என்பதே முதல் கேள்வி. கோடை என்றால், மேசையை ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் நடக்கும் சிற்றுண்டி நிகழ்ச்சிக்கு மாற்றலாமா என்று தாயாரிடம் கேட்டுப் பாருங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் யூதர் அல்லர் என்பதால் ஓய்வுநாள் முடியும் முன்பே போய் மேசையை விரித்து வைக்கலாம் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். யூதருக்காகப் பிறர் ஓய்வுநாளில் வேலை செய்வது பற்றியும் அவர்களுடைய சட்டத்தில் நுணுக்கமான விதிகள் உண்டு. மண்டபத்துக்குள் பெட்டிகளை எப்போது கொண்டுவரலாம் என்று கேட்டுவிட்டால் போதும், சங்கடம் வராது.

அடுத்தது பிள்ளைகளின் பொறுமை. இந்த வயதில் அவர்கள் கூட்டமாகத்தான் நகர்வார்கள். ஒருத்தி எழுந்தால் ஆறு பேர் எழுவார்கள். பாட்டும் ஆட்டமும் தொடங்கிவிட்டால் மேசை காலியாகிவிடும், அதைத் தடுக்கவும் கூடாது. பெரியவர்கள் பானமும் சிற்றுண்டியுமாக நிற்கும் முதல் ஒரு மணி நேரமே உங்களுடைய உண்மையான நேரம். ஒரு பிள்ளை உட்கார்ந்து 15 நிமிடத்தில் முடித்து எழக்கூடிய வேலையைத் தேர்ந்தெடுத்தால், ஓர் இருக்கையில் ஒரு மணி நேரத்தில் நான்கு பேர் அமரலாம். 60 பேருக்குக் கணக்குப்படி 15 இருக்கைகள். ஆனால் யாரும் கணக்குப்படி வருவதில்லை, எனவே 20 இருக்கைகள் போடுங்கள். எல்லாரும் வரமாட்டார்கள் என்று நினைத்துப் பொருளைக் குறைக்க வேண்டாம். கடைசிப் பத்து நிமிடத்தில் வரும் பையனுக்குப் பொருள் இல்லை என்று சொல்லும்படி ஆகக் கூடாது. பையன்கள் என்றதும் நினைவுக்கு வருகிறது: சக மாணவர்களில் பாதிப் பேர் பையன்களாக இருப்பார்கள். இளஞ்சிவப்பும் பூவுமாக மட்டும் வைத்தால் அவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

எதை வைக்கக் கூடாது என்பதில் நான் மிக உறுதியாக இருப்பது, சமயக் கடமையோடு நேரடியாகப் பிணைந்த பொருள்களைப் பற்றி. பாட் மிட்ஸ்வாவுக்குப் பொருத்தமான கைவேலை என்று இணையத்தில் தேடினால் தொழுகைச் சால்வையாகிய தாலித்தும், நிலைக்காலில் பொருத்தும் மெசூசாவும் முதலில் வரும். மெசூசாவின் கூடு வேறு, உள்ளே இருக்கும் தோல்சுருள் வேறு. கூட்டை யாரும் எதிலும் செய்யலாம். சுருளில் உபாகமத்தின் இரண்டு பகுதிகளைப் பயிற்சி பெற்ற எழுத்தர் தகுந்த தோலில் கையால் எழுதியிருக்க வேண்டும். அச்சிட்ட தாளைச் சுருட்டிக் கூட்டுக்குள் வைத்து ‘மெசூசா’ என்று பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புவது, அதைக் கடமையாகக் கொள்கிறவர்களுக்கு வேதனை தரும். கூடு மட்டும் செய்யலாம் என்றாலும், காற்றில் உலரும் களிமண் ஒரு நாளாவது கேட்கும், பாலிமர் களிமண் அடுப்பைக் கேட்கும். விருந்து மேசைக்கு இரண்டும் ஒத்துவராது.

தாலித் இன்னும் நுட்பமானது. நான்கு மூலைகளிலும் தொங்கல் கட்ட வேண்டும் என்பது எண்ணாகமம் 15-ஆம் அதிகாரத்தின் கட்டளை. ஒவ்வொரு மூலையிலும் நான்கு நூல்களைத் துளைக்குள் கொடுத்து மடித்து எட்டாக்கி, ஐந்து இரட்டை முடிச்சுகளும் அவற்றின் இடையே சுற்றுகளுமாகக் கட்டுகிறார்கள். நடு, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த அஷ்கனாசி யூதர்களின் வழக்கத்தில் சுற்றுகளின் எண்ணிக்கை பரவலாக 7, 8, 11, 13. நூலே அந்தக் கடமைக்கென்று நூற்றதாக இருக்க வேண்டும், கட்டுபவரும் அந்த எண்ணத்தோடு கட்ட வேண்டும். சால்வை கம்பளியானால் அதில் ஆளிநார்த் துணியையோ நூலையோ சேர்க்கக் கூடாது, இரண்டையும் கலப்பதற்குத் தோராவிலேயே தடை இருக்கிறது. பெண்கள் தாலித் அணிவதும் எல்லாப் பிரிவுகளிலும் ஏற்கப்பட்டதன்று. இவையெல்லாம் பேச்சும் பாட்டும் நிறைந்த மண்டபத்தில் அறுபது பேரை வைத்துக்கொண்டு செய்யும் காரியமா? பல பெண்பிள்ளைகள் தாயுடனும் பாட்டியுடனும் பல மாதங்களுக்கு முன்பே பட்டில் வண்ணம் தீட்டித் தங்கள் தாலித்தைச் செய்துகொள்கிறார்கள். அழகான பழக்கம் அது. நீங்கள் உதவ விரும்பினால் அந்த வீட்டு வேலையில் உதவுங்கள். விருந்து மேசைக்கு அதைக் கொண்டுவராதீர்கள்.

மாறாக, சனிக்கிழமை மாலை விருந்துக்கு இயல்பாகப் பொருந்துவது ஹவ்தாலா சடங்கைச் சார்ந்த பொருள்கள். ஓய்வுநாள் முடிந்து புதிய வாரம் தொடங்குவதைக் குறிக்க, திராட்சை ரசம், நறுமணப் பொருள், பல திரிகள் சேர்ந்த மெழுகுவர்த்தி ஆகிய மூன்றையும் வைத்துச் செய்யும் சிறு சடங்கு அது. பல குடும்பங்கள் விருந்தை அதோடுதான் தொடங்குகின்றன. அந்த மெழுகுவர்த்தியைச் செய்யத் தீயும் வேண்டாம், உருக்குவதும் வேண்டாம். தேன்கூட்டு அச்சுப் பதித்த தேன்மெழுகுத் தாள்கள் ஏறத்தாழ 8 அங்குல அகலம், 16 அங்குல நீளத்தில் கிடைக்கின்றன. ஒரு தாளை ஓர் அங்குல அகலப் பட்டைகளாக நீளவாக்கில் வெட்டினால் எட்டு வரும். ஒரு பட்டையின் விளிம்பில் திரியை வைத்து, விரல் நுனிகளால் அழுத்தி முதல் மடிப்பை இறுக்கமாக மடித்துவிட வேண்டும். அந்த முதல் மடிப்பு தளர்ந்தால் வர்த்தி முழுவதும் தொளதொளவென்று ஆகிவிடும். பிறகு இரண்டு உள்ளங்கைகளாலும் மேசைமேல் உருட்டினால் மெல்லிய குச்சி போல் வரும். அத்தகைய இரண்டை எடுத்து, கைச்சூட்டில் இளகும் வரை பிடித்திருந்து, ஒன்றையொன்று தழுவும்படி மெதுவாக முறுக்கி, அடியில் அழுத்தி ஒட்டினால் இரண்டு திரி வர்த்தி தயார். அவசரப்பட்டு முறுக்கினால் மெழுகு வெடிக்கும். தேன் வாசனை மேசையைச் சுற்றி எழுந்ததும் அடுத்த கூட்டம் தானாக வந்து நிற்கும்.

ஒரு தாளில் நான்கு வர்த்திகள் என்பதால் 60 பேருக்கு 15 தாள்கள், உடைசலுக்குச் சேர்த்து 18 வாங்குங்கள். திரி ஒரு வர்த்திக்கு 18 அங்குல நீளத்தில் இரண்டு. மொத்தம் ஏறத்தாழ 55 மீட்டர் ஆகும், இன்னும் ஐந்தாறு மீட்டர் கூடுதலாக இருக்கட்டும். பட்டைகளையும் திரிகளையும் முந்தைய நாள்களில் வீட்டிலேயே வெட்டி வைத்துவிடுங்கள். குளிர்காலத்தில் மெழுகுப் பெட்டியை இரவெல்லாம் காரில் விட்டுவிடாதீர்கள். குளிர்ந்த தாள் கையில் எடுத்தவுடன் பிளக்கும். அப்படி ஆகிவிட்டால் தலைமுடி உலர்த்தியின் மிதமான காற்றை ஒரு நிமிடம் காட்டினால் சரியாகிவிடும். பிள்ளைகள் செய்த வர்த்தியை மண்டபத்தில் ஏற்றுவது மட்டும் வேண்டாம். பல மண்டபங்களில் திறந்த தீக்குத் தடை உண்டு, பிள்ளைகளின் தலைமுடியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தாளில் சுற்றி வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்.

அதே சடங்கின் நறுமணப் பொருளுக்குச் சுருக்குப் பை தைத்துக் கொடுக்கலாம், அல்லது தைத்த வெள்ளைப் பருத்திப் பைகளைக் கொடுத்துத் துணி மார்க்கரால் வரைய வைக்கலாம். உள்ளே போடக் கிராம்பும் இலவங்கப்பட்டையும் வழக்கமானவை. ஏலக்காய் சேர்த்தால் யாரும் மறுக்கப் போவதில்லை. இதில் எனக்குத் தனி விருப்பம் உண்டு, ஏனென்றால் கையே திருந்தாத பிள்ளையும் வரையக் கூச்சப்படும் பிள்ளையும்கூடப் பத்து நிமிடத்தில் ஒரு முழுமையான பொருளோடு எழுந்து போகும். பொடி வேண்டாம், முழு மசாலாவாகவே போடுங்கள். பொடி துணியின் இழைகள் வழியே உதிர்ந்து விருந்து உடையில் கறை படியும்.

மணிகளைப் பற்றிக் கேட்காமலேயே சொல்கிறேன், ஏனென்றால் எப்படியும் யாராவது உங்களிடம் கேட்பார்கள். டெய்லர் ஸ்விஃப்ட்டின் 2023, 2024 இசைப் பயணத்தில் ரசிகர்கள் கைச்சரடுகளைக் கோத்து ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டதிலிருந்து, எழுத்து மணிச் சரடு இல்லாத விருந்தைக் காண்பது அரிதாகிவிட்டது. அதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். உட்கார்ந்து பேசிக்கொண்டே செய்யக்கூடியது, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தக்கூடியது. 15 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கைக்கு 6 மில்லிமீட்டர் மணி 27, 28 பிடிக்கும். பாதிப் பேர் இரண்டாவது சரடும் கோப்பார்கள் என்று வைத்துக்கொண்டு மூவாயிரம் மணிக்குக் குறையாமல் வாங்குங்கள். கலவையாக வரும் எழுத்து மணிப் பொட்டலங்களில் ஆங்கில எழுத்துகள் அனைத்தும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையில் இருக்கும், ஆனால் பெயர்கள் அப்படி அமைவதில்லை. அரை மணி நேரத்தில் ஏ, ஈ, ஐ, எல், என் ஆகியவை தீர்ந்து, க்யூவும் எக்ஸும் இஸட்டும் கிண்ணத்தில் மிஞ்சிக் கிடக்கும். அந்த ஐந்து எழுத்துகளைத் தனியாகக் கூடுதலாக வாங்குங்கள். எலாஸ்டிக் நூலைக் கோக்கும் முன் இரண்டு மூன்று முறை இழுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுநாளே சரடு தொங்கிவிடும். முடிச்சுப் போடும்போது நூலை ஒரு முறைக்கு இரு முறை உள்ளே சுற்றி இழுத்து, மேலே மீண்டும் ஒன்று போட்டு, அதை ஒரு மணியின் துளைக்குள் இழுத்து மறைத்துவிட்டால் நெடுநாள் நிற்கும். இந்த முடிச்சைப் பிள்ளைகளிடம் விடாமல் ஒரு பெரியவர் போட்டுக் கொடுப்பதே நல்லது. கைக்குழந்தைகளும் விருந்துக்கு வருவார்களாகையால் தரையில் சிந்திய மணிகளை அவ்வப்போது பொறுக்க ஒருவரை நிறுத்துங்கள்.

எபிரேய எழுத்துகளைப் பயன்படுத்தலாமா என்று கேட்டீர்கள். தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் நீங்களாக எழுதிப் பார்க்காதீர்கள். அந்த மொழியில் ‘த’ ஒலிக்கும் ‘க’ ஒலிக்கும் இரண்டிரண்டு எழுத்துகள் இருக்கின்றன. தாலெத்தும் ரேஷும், ஹேயும் ஹெத்தும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஐந்து எழுத்துகள் சொல்லின் இறுதியில் வடிவம் மாறும். ஆங்கில ஒலிப்பை வைத்துக்கொண்டு இவற்றை ஊகிக்க முடியாது. பெண்ணின் எபிரேயப் பெயரைப் பெற்றோரிடம் எழுதி வாங்கி, அதையே படமாக மாற்றிப் பயன்படுத்துங்கள். சில வடிவமைப்பு மென்பொருள்கள் வலமிருந்து இடம் ஓடும் எழுத்தை ஒட்டும்போது வரிசையைத் தலைகீழாக்கிவிடும். துணியில் சூடாக ஒட்டும் தாளிலோ படத்தைக் கண்ணாடிப் பிம்பமாக அச்சிட வேண்டும். இவ்விரண்டு திருப்பங்களும் கலந்துவிட்டால் எந்தப் பக்கம் சரி என்பது எபிரேயம் தெரியாத கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே ஒரு மாதிரியைச் செய்து தாயாரிடம் காட்டாமல் அறுபதையும் அச்சிடாதீர்கள். இறைப்பெயர் வரும் வேத வசனங்களை மேசையில் வைக்கவே வேண்டாம். அப்பெயர் தாங்கிய தாளைக் குப்பையில் போடும் வழக்கம் அவர்களிடம் இல்லை. சேர்த்து வைத்துப் புதைப்பார்கள். விருந்து முடிந்ததும் துடைத்து எறியப்படும் தாள்களில் அப்பெயர் இருந்தால், உங்கள் அன்பு அவர்களுக்கு ஒரு பொறுப்பாக மாறிவிடும்.

மருதாணி விஷயத்தில் என் பதில் சற்றுத் தயக்கமானது. மருதாணி யூதர்களுக்கு அயலானதன்று. யேமன், மொராக்கோ வழிவந்த யூதர்களும், மகாராஷ்டிரத்தின் பெனே இஸ்ரேல் யூதர்களும் திருமணத்துக்கு முன் மருதாணி இடும் வழக்கம் உடையவர்கள். அதனாலேயே அத்தகைய குடும்பத்துப் பாட்டி ஒருவர், மணப்பெண்ணுக்கு உரியதை ஏன் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இடுகிறீர்கள் என்று கேட்கவும் கூடும். உடலில் நிலையாகப் பச்சை குத்துவதை லேவியராகமம் தடை செய்கிறது. சில நாளில் மறையும் மருதாணி அந்தத் தடைக்குள் வராது என்பதே பரவலான கருத்து. இருந்தும் சில பெற்றோருக்கு மனம் ஒப்பாமல் போகலாம், அவர்களிடம் வாதாடுவதில் பொருள் இல்லை. உடல்நலம் பற்றிய செய்தி இதைவிட முக்கியமானது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மருதாணியைத் தலைமுடிச் சாயமாக மட்டுமே ஏற்றுள்ளது, தோலில் இடுவதற்கு அன்று. ‘கறுப்பு மருதாணி’ என்று விற்பதில் பெரும்பாலும் கலந்திருக்கும் பாரா-ஃபினைலீன்டையமின் என்னும் வேதிப்பொருள் தோலைக் கொப்புளமாக்கித் தழும்பு விடக்கூடியது. அதைத் தொடவே வேண்டாம். தூய மருதாணி இலைகூட, ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ள பிள்ளைகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடலாம். குர்திஸ்தான், ஈராக் வழி வந்த யூதர்களிடையே அந்தக் குறைபாடு மிகுதி. நான் மருத்துவர் அல்லள், ஆனால் பிறர் பிள்ளைகள் அறுபது பேரின் தோலில், பெற்றோர் அருகில் இல்லாத நேரத்தில், ஒரு பசையைத் தடவுவதற்கு நான் முன்வர மாட்டேன். பசை காய்வதற்குள் வெளிர்நிற உடைகளில் படும் என்பது வேறு. மருதாணிக் கோலங்களின் அழகு உங்களுக்கு வேண்டுமென்றால், ஹம்சா எனப்படும் கை வடிவத்தைத் தடித்த அட்டையில் வெட்டிக் கொடுத்து, மெல்லிய பேனாவால் அந்தக் கோலங்களை அதன் மீது வரையச் சொல்லுங்கள். ஐந்து விரல் விரித்த அந்தக் கையை மோசேயின் சகோதரியாகிய மிரியாமின் கை என்று யூதர்களும், ஃபாத்திமாவின் கை என்று முஸ்லிம்களும் போற்றுகிறார்கள். உங்கள் கைப்பழக்கமும் அவர்கள் அடையாளமும் சேரும் இடமாக அது அமையும்.

பிஸ்கட்டில் சர்க்கரைப் பூச்சு, மிட்டாய் மாலை போன்ற உண்ணும் கைவேலைகளைத் தவிர்ப்பதே எளிது. கோஷர் எனப்படும் யூத உணவு விதிகளைக் கடைப்பிடிக்கும் வீட்டில் ஒவ்வொரு பொட்டலத்திலும் சான்றுக்குறி பார்க்க வேண்டும், மார்ஷ்மெல்லோவின் ஜெலட்டின் எதிலிருந்து வந்தது என்று கேட்க வேண்டும், விருந்தில் இறைச்சி பரிமாறினால் பால் கலந்த எதையும் வைக்க முடியாது. புளிப்பேறிய தானிய உணவை விலக்கும் பஸ்கா பண்டிகை நாள்களை ஒட்டி விருந்து வந்தால், கோதுமை மாவில் பிசைந்த விளையாட்டு மாவும்கூட அவ்வீட்டுக்குள் வரக் கூடாது. கடையில் விற்கும் ப்ளே-டோவிலும் கோதுமை உண்டு.

பொருத்தமானது என்று நான் மனமாரச் சொல்லும் இன்னொன்று, பிறருக்குக் கொடுப்பதற்காகச் செய்வது. பாட் மிட்ஸ்வாவுக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள் பலர் அந்த ஆண்டில் ஏதாவது ஒரு சேவைப் பணியை எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பணி என்ன என்று கேளுங்கள். குழந்தைகளுக்கான போர்வை என்றால், தையலே இல்லாமல் செய்யலாம்: ஃப்ளீஸ் என்னும் மென்மையான போர்வைத் துணி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, நான்கு மூலைகளிலும் நான்கு அங்குலச் சதுரத்தை வெட்டி நீக்கி, ஓரம் முழுவதும் ஓர் அங்குல அகலத்தில் நான்கு அங்குல ஆழத்துக்குக் கீற்றுகளாக வெட்டி, மேல் கீற்றையும் கீழ்க் கீற்றையும் சேர்த்து முடிச்சிட வேண்டும். வெட்டும் வேலையை நீங்கள் வீட்டில் முடித்துவிட்டால், விருந்தில் முடிச்சு மட்டும்தான். ஒரு போர்வையைச் சுற்றி எட்டுப் பேர் உட்காரலாம், ஒருவர் பத்து முடிச்சுப் போட்டுவிட்டு ஆடப் போகலாம், அடுத்தவர் அந்த இடத்திலிருந்து தொடரலாம். பாதியில் எழுந்து போவது குறையாகவே தெரியாத கைவேலை இது. ப்ராஜெக்ட் லைனஸ் போன்ற அமைப்புகள் இத்தகைய போர்வைகளை நோயுற்ற, நெருக்கடியில் உள்ள குழந்தைகளுக்காகப் பெற்றுக்கொள்கின்றன. அளவும் துணி வகையும் உங்கள் பகுதிக் கிளையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். விருந்து சிறியதாக இருந்தால், தர்ம உண்டியலாகிய த்ஸெதாக்காப் பெட்டியை ஒவ்வொரு பிள்ளையும் அலங்கரித்து வீட்டுக்கு எடுத்துச் செல்வதும் நன்றாக இருக்கும். நம் வீட்டு உண்டியலைப் போலவே அதை அடுக்களையிலோ அலமாரியிலோ வைத்துச் சில்லறை சேர்ப்பார்கள்.

முடிச்சுகளாகக் கட்டிச் சாயத்தில் முக்கும் துணி, ஜிகினா, சூடான பசையைப் பீச்சும் க்ளூ கன் மூன்றையும் நான் விருந்துகளில் வைப்பதில்லை. சாயம் ஓர் இரவாவது ஊற வேண்டும், உடையையும் கெடுக்கும். ஜிகினாவைப் பல மண்டபங்கள் ஏற்பதில்லை. க்ளூ கன்னின் மூக்கு கொப்புளம் வரும் அளவுக்குச் சுடும்.

அலங்காரத்துக்கு என்ன உருவம் என்று யோசிக்கும்போது, கடைகளில் விற்கும் தாவீதின் நட்சத்திரத்தோடு நின்றுவிடாமல், அந்தப் பெண் அன்று படிக்கப்போகும் தோராப் பகுதி எது என்று கேளுங்கள். ஆண்டு முழுவதற்கும் 54 பகுதிகள் இருக்கின்றன. மாதக்கணக்கில் அவள் அதனோடுதான் வாழ்ந்துகொண்டிருப்பாள். இலையுதிர்காலத்தில் நோவாவின் பகுதி என்றால் வானவில்லும் புறாவும் சுருக்குப் பைகளில் வந்துவிடும். குளிர்காலத்தில் செங்கடலைக் கடக்கும் பகுதி என்றால் மிரியாமின் மேளம். கூடாரம் அமைக்கும் பகுதி என்றால் நூற்ற பெண்களைப் பற்றி நான் மேலே எழுதியதை அவளிடமே கேட்டுப் பாருங்கள். உங்களைவிடவும் என்னைவிடவும் அவளுக்கு அதில் சொல்ல நிறைய இருக்கும். கடமையை அழகாகச் செய்ய வேண்டும் என்ற கருத்து அவர்களுடைய மரபில் பழமையானது. யாத்திராகமத்தின் கடற்பாட்டு வரி ஒன்றுக்கு விளக்கமாகத் மிஷ்னாவின் மீதான விரிவான உரைத் தொகுப்பாகிய தால்மூத் அதைச் சொல்கிறது. அவள் படித்த பகுதி அந்த மேசையில் தென்பட்டால், அதைக் கவனிக்கும் முதல் ஆள் அவளாகத்தான் இருப்பாள்.

உங்கள் நிலையில் நான் இருந்தால், இருட்டிய பிறகு தொடங்கும் விருந்துக்கு 20 இருக்கைகள் போட்டு, எட்டில் தேன்மெழுகு வர்த்தியும், எட்டில் சுருக்குப் பையும், மீதியில் மணியும் வைத்து, மண்டபத்தின் ஒரு மூலையில் ஒரே ஒரு போர்வையை விரித்துவைப்பேன். உதவிக்கு மூன்று பெரியவர்கள் போதும். இன்றே செய்ய வேண்டியது, தாயாரோடு ஒரு தேநீர் நேரம் உட்கார்ந்து விருந்தின் தேதியையும், மேசை திறக்கலாகும் மணியையும், மகளின் எபிரேயப் பெயரின் எழுத்துகளையும், அவள் படிக்கும் பகுதியையும் எழுதி வாங்கிக்கொள்வது. மெழுகுத் தாள்களுக்கு அதன் பிறகு ஆர்டர் கொடுங்கள். பல நிறத் தாள்கள் வேண்டுமென்றால் விருந்துக்கு ஒரு மாதம் முன்பே சொல்லி வைப்பது நல்லது.